ஜெட் போட் எஞ்சின் லோடில் இழுக்கவில்லை, என்ன பார்க்கலாம்?

தேவகோட்டைக்காரன்:
அம்மான் வாங்கிப் போட்ட பழைய ஜெட் போட் (அடியில் தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சி ஓடும் வகை) ஒன்று எங்கள் வண்டிக் கொட்டகையில் ட்ரெய்லரோடு நிற்கிறது. உள்ளே வி6 பெட்ரோல் எஞ்சின், கார்புரேட்டர் வகை. லீவு வந்தால் திருவாடானை வழியாகத் தொண்டிக்கு இழுத்துப் போய்க் கடலில் விடுவோம். வீட்டில் குழாய்த் தண்ணீர் கொடுத்து ஸ்டார்ட் செய்தால் குறை சொல்ல முடியாது, எவ்வளவு முறுக்கினாலும் ஏறுகிறது. கடலில் நான் மட்டும் போனாலும் நன்றாகவே ஓடுகிறது. நாலு பேர் ஏறி முழு த்ராட்டிலில் கொஞ்ச நேரம் ஓடினால் 4,200 ஆர்பிஎம்மில் இருந்தது 2,600-க்கு இறங்கிவிடுகிறது. நிறுத்தி ஐந்து நிமிடம் விட்டால் மறுபடி சரி. பிளக் புதுசு, கார்புரேட்டர் கழுவியாச்சு, பெட்ரோல் ஃபில்டரும் மாற்றியாச்சு. உள்ளூர் மெக்கானிக் ஒருவர் பிஸ்டன் ரிங் போச்சு, எஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்கிறார். பிரிக்கவா?

தொண்டி கடலோரம்:
பாக் விரிகுடாவில் கடற்புல் அதிகம். ஜெட் உறிஞ்சும் கிரில்லில் சுற்றியிருக்கும், கரையேற்றி அடியில் பாருங்கள் தம்பி.

தேவகோட்டைக்காரன்:
பார்த்தேன் அண்ணே. ரெண்டு இழைதான் இருந்தது, எடுத்துப் போட்ட பிறகும் அதே கதை.

காரைக்குடி பட்டறை:
கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) பார்க்காமலே ரிங் போச்சு என்கிறவரிடம் எஞ்சினைக் கொடுக்காதீங்க. தேய்ந்த ரிங் ஐந்து நிமிட ஓய்வில் வளர்ந்துவிடாது.

முதலில் ஒன்று. ஜெட் பம்ப்பில் கோளாறு என்றால் ஆர்பிஎம் மீட்டர் மேலே போகும், போட் மட்டும் நகராது. புல் அடைத்தாலும், காற்றை உறிஞ்சினாலும், இம்பெல்லர் (பம்ப்புக்குள் சுற்றும் விசிறி) தேய்ந்தாலும் அப்படித்தான். உங்களுக்கு மீட்டரே கீழே வருகிறது. அப்படியானால் எஞ்சினுக்குத்தான் ஏதோ போதவில்லை.

வீட்டில் முறுக்கிப் பார்ப்பது சோதனையே இல்லை. பம்ப்புக்குள் தண்ணீர் இல்லாதபோது அது காற்றில் சுற்றும் விசிறி. தண்ணீரில் இறங்கினால் சுற்று ரெண்டு மடங்கு ஆக, சக்தி எட்டு மடங்கு கேட்கும். இன்னொரு விஷயம், ஜெட்டில் ஆள் ஏறியதால் எஞ்சின் சுற்று பெரிதாகக் குறையாது. அதே த்ராட்டிலுக்குக் கிட்டத்தட்ட அதே சுற்றுதான், போட் எழும்ப நேரம் ஆகும், அவ்வளவுதான். ஆனால் நாலு பேர் ஏறினால் கையை எடுக்காமல் முழு த்ராட்டிலில் பிடிக்கிறீங்க பாருங்க, அங்கேதான் பெட்ரோல் வேகமாகக் குடிக்கும். டேங்கிலிருந்து வரும் வழி ஈடுகொடுக்காவிட்டால் கார்புரேட்டர் கிண்ணம் காலியாகும். நிறுத்தினால் மெல்ல நிரம்பும். நீங்கள் சொல்வது அப்படியே இதுதான்.

சுற்று இறங்கும்போது சோக்கை (காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும் தகடு) பாதி மூடிப் பாருங்க. கொஞ்சம் எழுந்து வந்தால் பெட்ரோல் பஞ்சம், சந்தேகமே வேண்டாம். அசையவே இல்லை என்றால் சூடேறிய இக்னிஷன் காயில் பக்கம் போகலாம். அப்புறம் எஞ்சினை நிறுத்தி டேங்க் மூடியைத் திறங்க. உஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்தால், பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குக் காற்று விடும் குழாய் அடைத்திருக்கிறது. பெட்ரோல் ஆவி கீழே தேங்கும், அதனால் மறுபடி ஸ்டார்ட் செய்யும் முன் எஞ்சின் அறை ப்ளோயரை (ஆவியை வெளியே தள்ளும் விசிறி) ஓடவிடுங்க. பக்கத்தில் பீடியோடு ஒருத்தர் நிற்கக் கூடாது.

ரப்பர் குழாயையும் விடாதீங்க. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய குழாயின் உள்தோலை அது உரித்துவிடும். வெளியே பார்த்தால் நன்றாக இருக்கும், உறிஞ்சும்போது உள்ளே தோல் மடங்கி வழியை மூடும்.

தேவகோட்டைக்காரன்:
அண்ணே, சோக் மூடியதும் எழுந்தது. மூடியைத் திறந்தால் உஸ்ஸென்று நீங்கள் சொன்ன அதே சத்தம். காற்றுக் குழாய் வாயைப் பார்த்தால் குளவி மண் வைத்துக் கூடு கட்டியிருக்கிறது! கொட்டகையிலேயே நின்றதில் வந்த வேலை. மேலாகத் தெரிந்த மண்ணைக் கம்பியால் குடைந்து எடுத்ததும் உள்ளே பச்சைப் புழு ஒன்றும் காய்ந்த சிலந்திகளும் கொட்டின. இப்போது நாலு பேரோடு 3,900 நிற்கிறது. மீதி 300 எங்கே?

காரைக்குடி பட்டறை:
கம்பியால் குடைந்தால் மண் உள்ளே தள்ளியிருக்கும். குழாயை டேங்க் பக்கம் கழற்றி, டேங்க் வாயைத் துணியால் அடைத்துவிட்டு, அந்தப் பக்கத்திலிருந்து காற்றடியுங்க. வெளி வாயில் மெல்லிய பித்தளை வலை வைங்க, துணி கட்ட வேண்டாம். அப்புறமும் ஏறாவிட்டால் டேங்கிலிருந்து பெட்ரோல் பம்ப்புக்கு வரும் ரப்பர் குழாயைப் புதுசாகப் போடுங்க, எத்தனால் தாங்கும் மரைன் குழாயாகக் கேட்டு வாங்குங்க, பைக் கடைக் குழாய் ஆகாது. அந்தப் பழைய குழாயை நீளவாக்கில் பிளந்து ஒரு போட்டோ போடுங்க, பார்க்கலாம்.

தொண்டி கடலோரம்:
அடுத்த முறை வரும்போது சொல்லிட்டு வாங்க தம்பி. கிரில்லை நானும் ஒரு பார்வை பார்க்கிறேன், அந்த ரெண்டு இழை எனக்கு இன்னும் உறுத்துது.