மறு: ஸ்டெம் செல், குதிரைக் கையேட்டுக்கு. ‘செவிலியணு’ன்னு ஒரு சொல்லை முன்வைக்கிறேன்

அனைவருக்கும் வணக்கம்,

ஸ்டெம் செல்லுக்கு, அதாவது தானும் பெருகி வேற வகை செல்களையும் உண்டாக்கக்கூடிய செல்லுக்கு, தமிழ்ல என்ன சொல் வைக்கலாம்ங்கிற இந்த இழையை மூணு நாளா படிச்சுக்கிட்டே இருக்கேன், எழுதணும் எழுதணும்னு தள்ளிப்போயிடுச்சு, இன்னிக்கு உக்காந்து மொத்தமா எழுதிடுறேன், கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்குங்க.

> குருத்தணு நிலைபெற்ற சொல். நிலைபெற்றதைக் கலைப்பது கலைச்சொல்லாக்கம் ஆகாது.

இதை எழுதின ஐயா சொல்றது சரிதான், நானும் பத்து வருஷமா குருத்தணுன்னுதான் எழுதிட்டு வர்றேன். ஆனா இப்ப என் கையில இருக்கிறது குதிரை வளர்க்கிறவங்களுக்கான கையேடு, அதுல குதிரைக்கு வர்ற நரம்பு நோய்களுக்கு ஸ்டெம் செல் சிகிச்சைன்னு ஒரு பகுதி, அங்க வந்து நின்னப்பதான் கைவசம் இருந்த தண்டு செல், குருத்தணுங்கிற ரெண்டு சொல்லும் காலை வாரிடுச்சு.

முதல்ல தண்டு செல். என் முதல் வரைவுல ‘தண்டு செல்களைத் தண்டுவட உறைக்குள் செலுத்துதல்’னு ஒரு வரி. லாயத்துலயே பாதி வாழ்க்கையைக் கழிச்ச ஒருத்தர்கிட்ட படிக்கக் கொடுத்தேன். அவர் விரலை அந்த வரி மேல வச்சுக்கிட்டே, “முதுகுத்தண்டுல இருந்து செல் எடுத்து முதுகுத்தண்டுலயே திருப்பி விடுறாங்களா, அது எதுக்கு?”ன்னு கேட்டார். அவர் மேல ஒரு தப்பும் இல்ல. தண்டுவடம், முதுகுத்தண்டு, மூளைத்தண்டு எல்லாம் ஒரே பகுதியில அடுத்தடுத்து வருது, நடுவுல தண்டு செல்னா யாரா இருந்தாலும் அப்படித்தான் படிப்பாங்க. ‘மூளைத்தண்டு செல்’னு ஒரு தலைப்பு போட்டா அது மூளைத்தண்டுல இருக்கிற செல்லா, மூளையில இருக்கிற தண்டு செல்லான்னு எழுதின எனக்கே குழம்புது. நிஜத்துல இந்த செல்லை எடுக்கிற இடத்துக்கும் தண்டுவடத்துக்கும் சம்பந்தமே இல்ல. நெஞ்செலும்பு மஜ்ஜையில இருந்து எடுக்கிறாங்க, இடுப்பெலும்புல இருந்தும் எடுக்கிறாங்க, வாலுக்குப் பக்கத்துல இருக்கிற கொழுப்புல இருந்து எடுக்கிறாங்க, குட்டி போட்ட உடனே தொப்புள்கொடி ரத்தத்துல இருந்தும் சேகரிக்கிறாங்க.

இந்தத் தண்டு எங்க இருந்து வந்துச்சுன்னு பார்த்தா மூலச்சொல் ஜெர்மன்ல இருக்கு. 1868ல எர்ன்ஸ்ட் ஹெக்கல்ங்கிற ஜெர்மன் உயிரியலாளர் ‘ஷ்டாம்செல்ல’ன்னு எழுதினார். ஷ்டாம்னா அடிமரம், அதே சொல்லுக்கு குலம் வம்சம்னும் பொருள் உண்டு. பல செல் உயிர்கள் எல்லாத்துக்கும் மூதாதையான அந்த ஒத்தை செல் உயிரைத்தான் அவர் அப்படிச் சொன்னார், அவர் மனசுல ஓடினது நம்ம ஊர்ல சொல்ற கொடிவழி. அது இங்கிலீஷுக்குப் போகும்போது குலம் கழண்டுடுச்சு, அங்கிருந்து தமிழுக்கு வரும்போது மரமும் கழண்டு கீரைத்தண்டு மாதிரி தண்டு மட்டும் மிஞ்சிடுச்சு. அதனால தண்டை விடுறதுல எனக்கு வருத்தம் இல்ல.

குருத்தணுவை விடத்தான் மனசு வரலை. தென்னைக்கு உச்சியில குருத்து இருக்கிறவரைக்கும் மட்டை வந்துக்கிட்டே இருக்கும், குருத்தை வண்டு தின்னுட்டா மரமே போச்சு. தானும் அழியாம நின்னு புதுசையும் தள்ளிக்கிட்டே இருக்கிற செல்லுக்கு இதைவிட நல்ல உவமை எந்த மொழியில இருக்கப்போகுது. எலும்பு மஜ்ஜையில ரத்தம் உண்டாக்குற செல்லுக்கு அது அச்சா பொருந்துது, அங்க அதை யாரும் தொடவேண்டாம்.

குதிரை வைத்தியத்துல அதுக்கு ரெண்டு இடைஞ்சல். ஒண்ணு குருத்தெலும்பு. குதிரைகளுக்கு இந்த சிகிச்சை அதிகமா நடக்கிறது தசையை எலும்போட இணைக்கிற தசைநாண்லயும் மூட்டுலயும்தான். 2003ல பிரிட்டன்ல இருந்து ஒரு குதிரையோட கால் தசைநாண்ல சொந்த மஜ்ஜை செல்லைச் செலுத்தின அறிக்கை வந்துச்சு, 2019ல ஐரோப்பாவுல முதல்முதலா ஒரு ஸ்டெம் செல் கால்நடை மருந்துக்கு அனுமதி கொடுத்தப்ப அதுவும் குதிரையோட மூட்டு நொண்டலுக்குத்தான். ‘குருத்தெலும்புத் தேய்வுக்குக் குருத்தணு’ன்னு எழுதினா படிக்கிறவர் அதைக் குருத்தெலும்போட செல்லுன்னுதான் எடுத்துக்குவார். இது சின்ன இடைஞ்சல், ஒரு விளக்கம் எழுதி சமாளிச்சுடலாம்.

பெரிய இடைஞ்சல் நரம்புப் பகுதியில இருக்கு, நான் இந்த மடலையே எழுதுறது அதுக்காகத்தான். கழுத்துல ஏழு எலும்பு, வேகமா வளர்ற இளம் குதிரைகள்ல சிலதுக்கு அந்த எலும்புகளுக்கு நடுவுல பாதை குறுகி தண்டுவடம் நசுங்குது. நான் இதைத் தள்ளாட்ட நோய்னு எழுதியிருக்கேன். அப்படி ஒரு குதிரையை டாக்டர் பரிசோதிக்கிறதைப் பக்கத்துல நின்னு பார்த்தேன். நடத்திக்கிட்டே போகும்போது வாலைப் பிடிச்சு ஒரு பக்கமா இழுப்பாங்க, நல்ல குதிரைன்னா இழுத்த பக்கத்துக்கு எதிரா உடனே ஊன்றி நிக்கும், இது இழுத்த பக்கமே சாய்ஞ்சுக்கிட்டு வந்துச்சு. சின்ன வட்டமா சுத்த விட்டா வெளிப்பக்கத்துப் பின்னங்கால் அகலமா வீசி எங்கேயோ போய் விழுது. பின்னங்குளம்போட முனை மட்டும் இழுபட்டு இழுபட்டு தேய்ஞ்சு மழுங்கியிருந்துச்சு. கோளாறு கால்ல இல்ல, மூளைக்கும் காலுக்கும் நடுவுல சேதி சரியாப் போய்ச் சேரலை. இந்தத் தள்ளாட்டம் எவ்வளவு கடுமைன்னு சுழியத்துல இருந்து அஞ்சு வரைக்கும் படி போட்டு எழுதுறாங்க, அஞ்சுன்னா எழுந்திருக்கவே முடியாத நிலை. குதிரைக்குச் சொந்தக்காரர் அங்கயே நின்னுக்கிட்டு டாக்டர் எந்த எண்ணைச் சொல்லப்போறாருன்னு வாயையே பார்த்துக்கிட்டிருந்தார்.

அந்த மனுஷன் கையில ‘குருத்தணு சிகிச்சை’ன்னு ஒரு தாளைக் கொடுத்தா என்ன நினைப்பார்? நரம்பு மறுபடி குருத்து விடும்னுதான் நினைப்பார். சொல்லே அப்படித்தானே சொல்லுது. ஆனா குதிரைகளுக்குச் செலுத்துற இந்த வகை செல் அப்படிப் பண்றதில்ல. அது போய் நரம்பு செல்லா மாறி அறுந்ததைக் கட்டுறது இல்ல. செலுத்தினதுல பெரும்பாலான செல் கொஞ்ச நாள்லயே மறைஞ்சுடும். இருக்கிற வரைக்கும் அதுங்க வளர்ச்சியைத் தூண்டுற வளர்ச்சிக்காரணிகளைச் சுரக்கும், வீக்கத்தைத் தணிக்கும், நோய் எதிர்ப்பு செல்கள் ரொம்ப ஆவேசப்படாம அடக்கும், அக்கம்பக்கத்துல உயிரோட இருக்கிற நரம்பைத் தாங்கிப்பிடிக்கும், இதுதான் அதோட வேலைன்னு இப்ப பெரும்பாலும் எல்லாரும் ஒத்துக்கிறாங்க. எலும்பு நசுக்கிக்கிட்டு இருந்தா எந்த செல்லும் அந்த எலும்பை நகர்த்தாது. ஒட்டுண்ணியால வர்ற தண்டுவட அழற்சின்னா முதல்ல ஒட்டுண்ணியைக் கொல்ற மருந்து வேணும். குதிரைகள்ல தண்டுவட உறைக்குள்ள செலுத்திப் பார்த்த ஆய்வுகளும் பெரும்பாலும் ‘இது ஆபத்தில்லாம செய்யமுடியுமா’ங்கிற கேள்வியோடதான் நிக்குது, குணமாகும்னு சொல்ற அளவுக்கு வரலை. நடைமுறை இந்த நிலையில இருக்கும்போது சொல் மட்டும் குருத்து விடும்னு வாக்கு கொடுக்கக்கூடாது. இதுல நான் உறுதியா இருக்கேன்.

இது தமிழுக்கு மட்டும் வந்த சிக்கல் இல்ல. குதிரைகளுக்குச் செலுத்துற இதே வகை செல்லுக்கு 1991ல ஆர்னால்ட் கேப்லன்ங்கிற அமெரிக்க உயிரியலாளர்தான் ‘மீசன்கைமல் ஸ்டெம் செல்’ங்கிற பேரைப் பரப்பினார். 2006ல சர்வதேச செல் சிகிச்சைச் சங்கம் இதுக்கு அடையாளம் வகுத்தப்ப ஸ்டெம்ங்கிறதை விட்டுட்டு ஸ்ட்ரோமல்னு போட்டாங்க, அதாவது தாங்குதிசு செல். 2017ல அதே கேப்லன், தான் வச்ச பேரை மாத்துங்கன்னு ஒரு கட்டுரை எழுதினார், ஸ்டெம்னு கேட்டா நோயாளிகள் தப்பா நம்பிடுறாங்கங்கிற கவலையோட, மருந்தா சேதி அனுப்புற செல்னு பொருள் வர்ற மாதிரி. பேர் வச்சவரே அதை வாபஸ் வாங்கணும்னு கேக்கிறப்ப நாம மட்டும் பழைய பேரை மொழிபெயர்த்து வச்சுக்கிட்டு உக்காந்திருக்கணுமா?

என் பரிந்துரை செவிலியணு.

அகப்பாட்டுகள்ல நற்றாய் வேற, செவிலி வேற. பெத்தவ நற்றாய், எடுத்து வளர்த்து பால் ஊட்டி கூடவே இருந்து பார்த்துக்கிறவ செவிலி. புது செல்லைப் பெத்துத் தர்றது குருத்தணு, அடிபட்ட திசுவோட கூட இருந்து பார்த்துக்கிறது செவிலியணு. இன்னிக்கு செவிலியர்னா எல்லாருக்கும் தெரியும், செவிலியர் பார்த்துக்குவாங்க, ஆனா அவங்களே நோயாளியோட காலா மாறமாட்டாங்க, இந்த வித்தியாசத்தைப் படிப்பு இல்லாதவரும் ஒரே நொடியில பிடிச்சுக்குவார். அதே லாயக்காரர்கிட்ட புது வரியைக் காட்டினேன், “அப்ப இது துணைக்குத்தான், நரம்பு தானாத்தான் தேறணும்”னார். ஒரு சொல்லுகிட்ட நான் இதுக்குமேல என்ன கேக்க முடியும்.

> ஆற்றணு என்று வைத்தால் என்ன? புண்ணை ஆற்றுவது தானே வேலை.

நல்ல ஓசை, ஆனா ஆத்திடும்னு மறுபடி வாக்கு கொடுக்குது, அதோட ஆத்துத்தண்ணி, ஆற்றல் ரெண்டு பக்கமும் இழுபடும். மூலவணுன்னு ஒருத்தர் தனிமடல்ல சொன்னாங்க, மூல சிகிச்சைன்னு ஒரு தடவை சொல்லிப் பாருங்க, கேக்கிறவர் மனசுல வேற நோய்தான் வரும். தாங்கணு எனக்குப் பிடிச்சிருக்கு, ஸ்ட்ரோமலுக்கு நேரா வருது, ஆய்வுக்கட்டுரைக்கு அது சரி, சுரந்து சேதி அனுப்புற வேலை மட்டும் அதுல வரலை.

> ஸ்டெம் செல் என்றே எழுதிவிடலாமே, எல்லோருக்கும் தெரியும்.

எல்லாருக்கும் சொல்லு தெரியும், அது என்ன செய்யும்னு தெரியாது, அந்த இடைவெளியிலதான் காசு பறிக்கிறாங்க. கையேட்டுல முதல் தடவை வர்ற இடத்துல மட்டும் ‘ஸ்டெம் செல் என்று வழங்கும் செவிலியணு’ன்னு போட்டுட்டா தேடுறவங்களுக்கும் கிடைக்கும்.

ஒரு ஆட்சேபம் நானே சொல்லிடுறேன், பூச்சிகளோட சூலகத்துல முட்டைக்கு ஊட்டம் கொடுக்கிற செல்லையும் இங்கிலீஷ்ல செவிலி செல்னுதான் சொல்றாங்க. அங்க வேலை வெறும் ஊட்டுறது, அதுக்கு ஊட்டணு இன்னும் நெருக்கமா இருக்கும். அணுன்னா இயற்பியல்ல வர்ற ‘ஆட்டம்’ (atom) இல்லையாங்கிற கேள்விக்கு பதில் சொல்லத் தேவையில்லைன்னு நினைக்கிறேன், விந்தணுவையும் வெள்ளை அணுவையும் யாரும் அதோட குழப்பிக்கல. இலங்கை நண்பர்கள் கலம்னு எழுதுறவங்க செவிலிக்கலம்னு தாராளமா எழுதலாம், எனக்கு அதோட ஓசை இன்னும் பிடிச்சிருக்கு.

மத்த சொற்களைச் சுருக்கமா முடிக்கிறேன். சொந்த உடம்புல எடுத்ததுக்கு தன்செவிலியணு, வேற குதிரைகிட்ட எடுத்ததுக்கு பிறசெவிலியணு. நடை ஒத்துவராம போறதுக்கு நடைக்குலைவு. குதிரைக்கு இடதுபக்க குரல்வளை செயலிழந்து ஓடும்போது இரைச்சல் வருமே அதுக்கு மூச்சிரைச்சல் நோய். அந்த நரம்புக்கு மீள்குரல்வளை நரம்புன்னு ஏற்கெனவே யாரோ வச்சிருக்காங்க, தலையில இருந்து நெஞ்சு வரைக்கும் இறங்கி பெருந்தமனியைச் சுத்தி மறுபடி குரல்வளைக்கே ஏறி வர்ற, ரெண்டு மீட்டருக்கும் மேல நீளமான அந்த நரம்போட பாதையே பேர்ல இருக்கு, வச்சவங்களுக்கு என் வணக்கம்.

திருத்தின பத்தி இது:

‘கழுத்தெலும்பால் தண்டுவடம் நசுங்கிய குதிரைக்கு, எலும்பின் அழுத்தத்தை நீக்கிய பிறகு, துணைச் சிகிச்சையாகச் செவிலியணுக்களைத் தண்டுவட உறைக்குள் செலுத்துவது ஆய்வு நிலையில் உள்ளது. இவை புதிய நரம்பை உண்டாக்குவதில்லை. எஞ்சியிருக்கும் நரம்பு தேற உதவக்கூடும்.’

‘உதவக்கூடும்’ங்கிற இடத்துல ‘உதவலாம்’னு போடலாமான்னு ரெண்டு நாளா யோசிக்கிறேன், ‘லாம்’ல அனுமதி கொடுக்கிற தொனியும் கலந்திருக்கே. வெள்ளிக்கிழமை அச்சுக்கு அனுப்பணும். அந்த ஒரு வினைமுற்றுலயும் செவிலியணுலயும் மறுப்பு இருக்கிறவங்க அதுக்குள்ள எழுதிடுங்க.