கருங்கல், சுண்ணாம்புக்கல், இடிபாடு: மூன்றுக்கும் ஒரே கிரஷர் போதுமா?

குவாரிக்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். கரூர் பக்கம் எங்கள் குடும்பத்துக்குக் கருங்கல் குவாரி இருக்கிறது. இதுவரை கல்லை அப்படியே வெளி கிரஷருக்கு லோடு அனுப்பினோம், இனி நாங்களே உடைத்து விற்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். 20 எம்எம் ஜல்லிதான் முக்கியம், அப்புறம் எம்-சாண்ட் (ஆற்று மணலுக்குப் பதில் கல்லை உடைத்துச் செய்யும் மணல்). இதுபோக நாமக்கல் கோழித் தீவனத்துக்குச் சுண்ணாம்புக்கல் உடைத்துத் தர முடியுமா என்று ஒருவர் கேட்கிறார், திருச்சியில் கட்டடம் இடிக்கும் ஒப்பந்தக்காரர் கான்கிரீட் இடிபாடு தருகிறேன் என்கிறார். மெஷின் விற்பவர் ஒருவர், இம்பாக்ட் கிரஷர் ஒன்று போதும், மூன்றையும் உடைக்கும், ஜா கிரஷரும் கோன் கிரஷரும் தேவையே இல்லை என்கிறார். விலையும் குறைவு. நம்பலாமா?

ஜாபிளேட்:
உடைக்கும், அதில் பொய் இல்லை. ஆனால் கருங்கல்லை எத்தனை நாள் உடைக்கும், அதற்குள் எத்தனை புளோ பார் (கல்லை அடிக்கும் இரும்புப் பட்டை) மாற்ற வேண்டியிருக்கும் என்று அவரிடம் கேளுங்கள். நம் கருங்கல்லில் குவார்ட்ஸ் என்ற கனிமம் நிறைய இருக்கிறது, கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் அது 7. சுண்ணாம்புக்கல்லில் உள்ள கால்சைட் வெறும் 3. இம்பாக்ட் கிரஷர் கல்லை அடித்து உடைப்பது, வேகமாகச் சுற்றும் ரோட்டரில் இருக்கும் பார்தான் அந்த அடியைத் தாங்குகிறது, குவார்ட்ஸ் உள்ள கல் அதை அரம் போல ராவிவிடும். மெஷினில் மிச்சம் பிடித்த பணம் பார் வாங்கவும், மாற்றும் நேரத்தில் பிளான்ட் நிற்பதிலும் போய்விடும்.

கருங்கல்லுக்கு முதலில் ஜா, இரண்டாவது கோன், இந்த வரிசைதான் சரி. இரண்டுமே கல்லை நெரித்து உடைப்பவை, ஜா இரண்டு பிளேட்டுக்கு நடுவில், கோன் சுழலும் கூம்புக்கும் வெளிச்சுவருக்கும் நடுவில். ஜாவின் பிளேட், கோனின் மேன்டில் (கூம்பின் மேல் கவசம்) எல்லாம் மாங்கனீஸ் ஸ்டீல், நெரிபட நெரிபட மேல்பரப்பு இறுகும் குணம் அதற்கு உண்டு. ஜா அளவு பார்க்கும்போது வாயின் குறுகிய பக்க அளவில் 80 சதவீதத்துக்கு மேல் பெரிய கல் போடக்கூடாது என்று கணக்கு வையுங்கள், 30க்கு 20 இஞ்ச் ஜா என்றால் 16 இஞ்ச் கல் வரைதான். உங்கள் வெடியில் அதைவிடப் பெரிய கல் அதிகம் வந்தால் பெரிய ஜா வாங்குங்கள், இல்லையென்றால் பெரிய கல்லை உடைக்கும் பிரேக்கர் வண்டிக்குத் தினமும் டீசல் ஊற்ற வேண்டியிருக்கும்.

டெஸ்ட்லேப்:
மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறேன், கல்லின் வடிவத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஜாவில் மட்டும் உடைத்த ஜல்லியில் தட்டைக்கல்லும் நீளக்கல்லும் அதிகம் வரும். ஜல்லிக்கும் மணலுக்குமான இந்தியத் தரநிலை ஐஎஸ் 383 (2016) தட்டை, நீளம் இரண்டும் சேர்ந்து 40 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்கிறது. ரெடிமிக்ஸ்காரர்கள் இதைப் பார்த்துத்தான் லோடை எடுப்பார்கள். கோன் ஓட்டும்போது உள்ளே எப்போதும் கல் நிறைந்திருக்க வேண்டும், அரைகுறையாகப் போட்டால் கோனிலும் தட்டைக்கல் வரும். பிளான்ட் பார்க்கப் போகிற இடத்தில் இதைக் கவனியுங்கள்.

எம்-சாண்ட் வேண்டுமென்றால் மூன்றாவதாக விஎஸ்ஐ (கல்லை வேகமாக எறிந்து மோதவிட்டு உடைக்கும் கிரஷர்) வைத்தே ஆகவேண்டும். கல் உடைக்கும்போது விழும் கிரஷர் டஸ்டைச் சலித்து எம்-சாண்ட் என்று விற்பவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து அந்த வழிக்குப் போகாதீர்கள், அதில் வீடு கட்டுபவர்தான் பின்னால் கஷ்டப்படுவார். கருங்கல்லுக்குக் கல்லின் மேல் கல் மோதும் வகை விஎஸ்ஐ எடுங்கள், தேய்மானம் குறையும்.

குவாரிக்காரன்:
ரொம்ப நன்றி சார். அப்படியென்றால் சுண்ணாம்புக்கல்லையும் இடிபாட்டையும் இதே லைனில் இடையிடையே ஓட்டலாமா?

ஜாபிளேட்:
சுண்ணாம்புக்கல்லைத் தயவுசெய்து கலக்காதீர்கள் தம்பி. கோழித் தீவனத்துக்குப் போகிற சரக்கில் கருங்கல் பொடி சேரக்கூடாது, கன்வேயர், சல்லடை, ஹாப்பர் எல்லாவற்றையும் ஒவ்வொரு முறையும் கழுவி ஓட்ட முடியாது. முட்டைக்கோழிக்குப் பெரும்பாலும் 2 முதல் 4 மில்லிமீட்டர் குருணைதான் கேட்பார்கள், அதற்குச் சின்ன ரோலர் கிரஷர் தனியாகப் போட்டால் பொடி குறைவாக விழும். மாவாகவே வேண்டுமென்றால் சுத்தியல்களால் அடித்துப் பொடியாக்கும் ஹேமர் மில். ஈரமும் களிமண்ணும் உள்ள சுண்ணாம்புக்கல் வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள், ஹேமர் மில்லின் அடிச்சல்லடை அடைத்துக்கொள்ளும்.

மறுசுழற்சி_கோவை:
இடிபாட்டுக்கு மட்டும் உங்கள் விற்பனையாளர் சொன்ன இம்பாக்ட் கிரஷர் பொருத்தம்தான். அடித்து உடைப்பதால் கம்பி கான்கிரீட்டை விட்டுத் தனியாகக் கழன்று வரும். ஆனால் கன்வேயர் மேல் காந்தம் கட்டாயம் வேண்டும், புளோ பார் ஹை குரோமில் வாங்காதீர்கள், கம்பிக்கட்டு பட்டால் அது உடைந்து தெறிக்கும். மார்டென்சைட் ஸ்டீல் பார் கேளுங்கள். கோனுக்குள் கம்பியை விடவே கூடாது.

விற்பனையையும் முதலிலேயே யோசியுங்கள். ஐஎஸ் 383 படி இடிபாட்டு கான்கிரீட்டில் வந்த ஜல்லியை எம் 25 (கான்கிரீட்டின் வலிமைத் தரம்) வரையிலான கம்பி கான்கிரீட்டில் 20 சதவீதம்தான் சேர்க்கலாம், கம்பி இல்லாததில் 25. எம் 15க்குக் கீழே உள்ள, சிமெண்ட் குறைவான லீன் கான்கிரீட்டில் முழுவதுமே போடலாம். வாங்க ஆள் உறுதியான பிறகு மெஷின் பாருங்கள், அதுவரை வாடகைக்கு மொபைல் கிரஷர் கிடைத்தால் போதும்.

டெஸ்ட்லேப்:
ஒன்று விட்டுப்போனது. எந்த மெஷினானாலும் முன்பணம் கொடுப்பதற்கு முன் உங்கள் குவாரிக் கல்லையே ஒரு லோடு ஏற்றிப்போய், அதே மாடல் ஓடுகிற இடத்தில் உடைத்துப் பாருங்கள். மேல்கல்லும் அடிக்கல்லும் ஒரே மாதிரி இருக்காது, இரண்டிலும் எடுங்கள். வருகிற ஜல்லியைச் சல்லடைச் சோதனைக்கும் தட்டைக்கல் சோதனைக்கும் கொடுங்கள். தூசிக்குத் தண்ணீர் ஸ்பிரேயும் மூடிய சல்லடையும் விலைப்பட்டியலிலேயே இருக்கட்டும். குவார்ட்ஸ் தூசி நுரையீரலுக்குள் போனால் சிலிகோசிஸ் வரும், வந்தால் குணப்படுத்த மருந்து கிடையாது.

குவாரிக்காரன்:
சரி சார். முதலில் கருங்கல்லுக்கு ஜா, கோன் விலை கேட்கிறேன், விஎஸ்ஐக்கு இடம் விட்டு அஸ்திவாரம் போடச் சொல்கிறேன். கோழித் தீவனக்காரரிடம் எந்த அளவுக் குருணை, மாதம் எத்தனை டன் என்று எழுதித் தரச் சொல்லியிருக்கிறேன். லோடு உடைத்துப் பார்த்ததும் ரிப்போர்ட்டை இங்கே போடுகிறேன்.