வாய்ச்சொல்லே சுற்றுநிருபமா? ஆமிக்காரர் நாடாள வரலாமா, வேண்டாமா

நிலாவெளியான்:
நேற்று திருகோணமலை என்.சி. வீதித் தேத்தண்ணிக் கடையில் ஒருவர், "இந்த நாட்டைத் திருத்த ஒரு ஆமிக்காரன்தான் வரவேணும்" என்றார். கடையே சிரித்தது. "வந்தவர்தானே, மறந்திட்டியோ?" என்றது ஒரு குரல்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோட்டாபய ராஜபக்ச 2022இல் கவிழ்ந்தது உண்மை. ஆனால் அவர் லெப்டினன்ட் கேணலாக ஆமியை விட்டது 1991இல். ஜனாதிபதி ஆனது 2019இல். இடையில் 28 வருடம், அதில் பாதுகாப்புச் செயலாளராக மட்டும் ஒன்பது வருடம். பழியைச் சீருடையில் போடுவதா, குடும்ப அரசியலில் போடுவதா?

பிரான்சில் ஜனாதிபதியாக இருந்த டி கோலும் ஜெனரல்தான். 1962இல் அல்ஜீரியாவை விட்டு வெளியேறும் துணிச்சல் அவருக்கு இருந்தது. 1969இல் மக்கள் வாக்கெடுப்பில் தோற்ற மறுநாளே பதவியை விட்டு வீட்டுக்குப் போனார். நம் சிவிலியன் தலைவர்களில் அப்படிப் போனவர் யார்?

2021இல் கொவிட் ஊசியைப் பாருங்கள். ஆமி நின்று நடத்திய இடத்தில் அம்மாவுக்கு ஒரு மணித்தியாலத்தில் வேலை முடிந்தது. அதே அம்மாவின் காணிப் பத்திரத்தின் பிரதி ஒன்றுக்கு நான் எட்டு மாதமாக ஓர் அலுவலகத்துக்கு அலைகிறேன். ஒழுங்கு வேண்டும் என்று கேட்டால் குற்றமா?

பென்ஷன் கிளாக்கர்:
தம்பி, ஊசியை விடும். அது ஆமிக்கு வாய்த்த வேலை. எத்தனை ஊசி, எத்தனை கை, எத்தனை கதிரை என்று எல்லாம் முன்கூட்டியே தெரியும். நாட்டை ஆள்வது அப்படி இல்லை.

2020 செப்டம்பரில் ஜனாதிபதி கோட்டாபய ஹல்துமுல்லை என்ற ஊருக்குப் போனார். தான் வாயால் சொல்வதையே சுற்றுநிருபமாக எடுத்து வேலையைச் செய்யுங்கள் என்று அதிகாரிகளிடம் சொன்னார். சனத்துக்குக் கேட்க இனிப்பாகத்தான் இருந்திருக்கும். எனக்கு வயிறு எரிந்தது.

சுற்றுநிருபம் என்றால் என்ன என்று உமக்குச் சொல்கிறேன். அரசாங்கம் தன் அலுவலகங்களுக்கு எழுத்தில் அனுப்பும் கட்டளை அது. அதற்கு இலக்கம் இருக்கும், திகதி இருக்கும், அடியில் ஒருவரின் கையெழுத்து இருக்கும். அதை நம்பித்தான் நான் வவுச்சரில் கையெழுத்து வைப்பேன். மூன்று வருடம் கழித்து ஓடிட்காரர் வந்து கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்வார். "எந்த அதிகாரத்தில் கொடுத்தீர்?" என்று கேட்பார். "அவர் வாயால் சொன்னவர்" என்றால், சொன்னவர் கொழும்பில் இருப்பார், காசு என் சம்பளத்தில் வெட்டுப்படும். என்னோடு வேலை செய்த ஒருவருக்கு இப்படி நடந்திருக்கிறது. அவர் பென்ஷனுக்குப் போகும் நாளிலும் அந்தக் கோப்பு மூடப்படவில்லை.

இன்னொன்றும் உண்டு. ஜனாதிபதி வந்து நின்ற ஊருக்குத்தான் வாய்ச்சொல் கிடைக்கும். அவர் எட்டிப் பாராத ஊருக்கும் அதே நியாயம் போய்ச் சேரத்தான் கடதாசி.

ஓய்வுபெற்ற படை அதிகாரி ஒருவருக்குக் கீழ் நானும் வேலை செய்தேன். ஆள் கெட்டிக்காரர், கோப்பு மேசையில் தூங்காது. ஆனால் அந்த வருடங்களில் எங்களில் ஒருவரும் கோப்பின் ஓரத்தில் "இது சரிவராது" என்று எழுதவில்லை. நானும்தான்.

கிண்ணியா வயல்காரன்:
கிளாக்கர் ஐயா சொன்ன அந்த "சரிவராது" 2021இல் எழுதப்பட்டிருந்தால் என் வயல் தப்பியிருக்கும்.

'சுபீட்சத்தின் நோக்கு' என்று அச்சடித்துத் தந்த கொள்கையில் சேதனப் பசளைக்கு மாறப் பத்து வருடம் என்றுதான் இருந்தது. பிறகு 2021 மே மாதம், ஒரே வர்த்தமானியில், இரசாயனப் பசளை இறக்குமதி நின்றது. பத்து வருடத் திட்டத்துக்குப் பத்து நாள் அவகாசம்கூட இல்லை.

நிலாவெளித் தம்பிக்கு ஒரு கணக்கு. யூரியாவில் நைதரசன் நூற்றுக்கு 46. ஐம்பது கிலோ மூடை ஒன்றில் 23 கிலோ. நல்ல கூட்டெருவில் நூற்றுக்கு ஒன்றரை இருந்தால் பெரிய காரியம். அந்த ஒரு மூடை யூரியாவுக்கு ஈடாக ஒன்றரைத் தொன் எரு ஏற்றி இறக்க வேண்டும். ஏக்கருக்கு ஒரு மூடையோடு காரியம் முடியாது. நாடு முழுக்க அவ்வளவு சாணிக்கும் குப்பைக்கும் எங்கே போவது? இது விவசாயப் போதனாசிரியருக்குத் தெரியும், எனக்குத் தெரியும், எங்கள் மாட்டுக்கும் தெரியும்.

பெரும்போகத்துக்கு வந்த சேதனப் பசளை மூடையை வரம்பில் வைத்து வெட்டினேன். தடி, ஓடு, பொலித்தீன் துண்டு. அப்புறம் இந்தியாவிலிருந்து நனோ நைட்ரஜன் திரவம் வந்தது. நவம்பரில் தடையை எடுத்தார்கள். தடையை எடுத்தால் போதுமா, கப்பல் வர வேண்டாமா? கதிர் வெளிவரும் முன்னான குடலைப் பருவத்தில் பயிர் முழங்காலுக்குக் கீழே மஞ்சளாக நின்றது. அறுத்தபோது முந்தைய போகத்தின் பாதிகூட இல்லை.

நிலாவெளியான்:
நானா, உங்கள் கணக்கோடு நான் மோதவில்லை. ஆனால் அந்த முடிவுக்குத் தலையாட்டிய மந்திரிசபையில் இருந்தவர்களில் பெரும்பாலோர் சிவிலியன்கள். பசளைக்காக ஒருவராவது ராஜினாமா செய்தாரா? 2020 ஒக்டோபரில் அரசியலமைப்பின் இருபதாம் திருத்தத்தைக் கொண்டுவந்து கோட்டாபய கையில் அத்தனை அதிகாரத்தையும் கொடுத்தது 156 எம்.பி.மார். அவர்கள் என்ன, சல்யூட் அடித்தா கை உயர்த்தினார்கள்? 1956இல் தனிச் சிங்களச் சட்டம் கொண்டுவந்த பண்டாரநாயக்க ஒக்ஸ்போர்டில் படித்தவர். படிப்பும் கோட் சூட்டும் நமக்கு என்ன தந்தன?

உவர்மலை ரீச்சர்:
தம்பி கேட்டது நல்ல கேள்வி. அதனாலேயே எனக்குப் பிடிக்காத ஒரு விஷயத்தைச் சொல்கிறேன்.

2010 ஜனவரி 26ஆம் திகதி காலையில் வரிசையில் நின்று அன்னச் சின்னத்துக்குப் புள்ளடி போட்டேன். சரத் பொன்சேகாவுக்கு. போரை நடத்திய அதே தளபதிக்கு. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு போடச் சொன்னது, போட்டோம். திருகோணமலை மாவட்டத்தில் அவர்தான் வென்றார். நாடு சிங்களவருக்குச் சொந்தம், சிறுபான்மையினர் அளவுக்கு மீறிக் கேட்கக் கூடாது என்று 2008இல் கனடியப் பத்திரிகை ஒன்றுக்கு அவர் சொன்னது எங்களுக்குத் தெரியும். தெரிந்தேதான் போட்டோம். ஜனாதிபதியாக இருந்த மஹிந்த இறங்க வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பு இல்லை. வீட்டுக்கு வந்து விரல் மையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். இரண்டு கிழமையில் அவரையே பிடித்து அடைத்துவிட்டார்கள்.

எனவே "ஆமிக்காரர் வேண்டாம்" என்று சத்தியம் செய்யும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் ஒழுங்கு, வேகம் என்ற பேச்சில் ஒன்றை விட்டுவிடுகிறீர். 2020 யூனில் கிழக்கின் தொல்பொருள் இடங்களை நிர்வகிக்க ஒரு செயலணி வந்தது. தலைவர் பாதுகாப்புச் செயலாளர், ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல். தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாக வாழும் மாகாணத்துக்கு அமைத்த செயலணியில் தொடங்கும்போது ஒரு தமிழர் இல்லை, ஒரு முஸ்லிம் இல்லை. வேகமாகத்தான் அமைத்தார்கள்.

நிலாவெளியான்:
அது இனவாதம் அக்கா. சீருடை இல்லை.

உவர்மலை ரீச்சர்:
இரண்டையும் பிரித்துப் பார்க்க உம்மால் முடிகிறது. எங்கள் கிழக்குக்கு ஆளுநராக ஓய்வுபெற்ற ரியர் அட்மிரல் இருந்தார். மாவட்டத்தின் அரசாங்க அதிபராக ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல் இருந்தார். சம்பூர்ச் சனம் 2006இல் இடம்பெயர்ந்து பத்து வருடம் முகாமில் கிடந்து, தங்கள் காணி நேவியிடம் இருக்கிறது என்று முறைப்பாடு எழுதினால், அதை வாங்கும் மேசைக்குப் பின்னால் யார் இருக்கிறார் என்று பார்ப்பார்களா, மாட்டார்களா?

பென்ஷன் கிளாக்கர்:
நான் ரீச்சரின் பக்கம். ஆனால் தம்பியின் 156 கையை நான் தட்டிக்கழிக்கவில்லை. அது எனக்கும் குத்துகிறது. கோப்பின் ஓரத்தில் எழுதாமல் விட்ட கை என்னுடையதுதானே.

டி கோலைப் பற்றியும் ஒன்று. தோற்ற மறுநாள் போனார் என்றீர். நம்மவர் 2022 யூலை 13 விடியற்காலையில் விமானப்படை விமானத்தில் மாலைதீவுக்குப் போய், ராஜினாமாக் கடிதத்தை அடுத்த நாள் சிங்கப்பூரிலிருந்து அனுப்பினார். சொன்னதைச் சுற்றுநிருபமாக எடுக்கச் சொன்னவருக்கும் கடைசியில் கடதாசிதான் தேவைப்பட்டது!

கிண்ணியா வயல்காரன்:
அதற்கு இரண்டு மாதம் முன்னால் அண்ணன்காரர் மஹிந்த ஓடிவந்தது நம்முடைய திருகோணமலை நேவிக் காம்புக்கு. வாசலில் சனம் கூடியது. நானும் போனேன். பக்கத்தில் ஒரு சிங்களப் பொடியன், கந்தளாய், அவனும் வயல்காரன். ஏக்கருக்கு எத்தனை மூடை குறைந்தது என்று அவன் கேட்டான், நான் சொன்னேன். அவனுக்கு என்னைவிட மோசம்.

அது சரி தம்பி, அந்தக் காணிப் பத்திரப் பிரதி என்னாச்சு?

நிலாவெளியான்:
இன்றைக்கும் போனேன் நானா. கையெழுத்து வைக்கிற சேர் லீவாம். திங்கள் வரட்டாம்.