அண்ணாவுக்கு இரண்டு கிட்னியும் பழுது. வீட்டில் யார் முதலில் பரிசோதனைக்குப் போவது?

கொட்டாஞ்சேனைத் தம்பி:

அண்ணாவுக்கு 38 வயது. சத்தி, கால் வீக்கம், மூச்சு முட்டல் என்று பெரியாஸ்பத்திரியில் சேர்த்தோம். கிரியாட்டினின் (கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவு) 12.4, பொட்டாசியம் 6.3, ஹீமோகுளோபின் 6.8. ஸ்கேன் ரிப்போர்ட்டில் இரண்டு கிட்னியும் 8 சென்ரிமீற்றருக்குக் கீழே என்று இருக்கிறது. கழுத்தில் குழாய் போட்டு டயலிசிஸ் நடக்கிறது. மாற்று ஆபரேஷனுக்குக் கிட்னி கொடுக்க ஆள் பார்க்கச் சொல்லிவிட்டார்கள்.

அவருடைய இரத்த வகை பி பொசிட்டிவ். அம்மா 61, பி பொசிட்டிவ், பிரஷருக்கு ஒரு குளிசை. அண்ணி 32, ஓ பொசிட்டிவ், இரண்டு பிள்ளைகள். தங்கச்சி 26, ஓ நெகட்டிவ், கலியாணம் ஆகவில்லை. நான் ஏ பொசிட்டிவ். சொந்தக்காரர் எல்லாரும் தங்கச்சியைத்தான் காட்டுகிறார்கள். பேப்பரில் விளம்பரம் போட்டு வெளியாளை எடுக்கலாம் என்று ஒரு மாமா நிற்கிறார். விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மாளிகாவத்தை மிஸி:

தம்பி, ஆள் தேடுறதுக்கு முதல் இந்தக் கிழமையிலேயே பார்க்க வேண்டிய இரண்டு விஷயம் இருக்கு: அண்ணாவின்ர கை நரம்பு, அவருக்கு ஏத்தப்போற இரத்தம்.

எலிக்காய்ச்சல், பாம்புக்கடி, கடும் வயிற்றோட்டம் எண்டு வந்து நிண்ட கிட்னி, ஸ்கேனில் வழமையான 10–12 சென்ரிமீற்றரிலேயே தெரியும். சில கிழமை டயலிசிஸோட திரும்ப வேலை செய்யவும் கூடும். 8க்குக் கீழே சுருங்கினது வருசக்கணக்காகச் சத்தமில்லாமல் பழுதானது. வீட்டாருக்குத்தான் அது திடீர். ஆனபடியால் "கொஞ்சம் பொறுத்துப் பார்ப்பம், கசாயம் குடிப்பம்" எண்டு சொல்லுறவையைத் தள்ளி வையுங்கோ.

எழுதாத கையில், பெரும்பாலும் இடக்கையில், இனி ஊசி, சேலைன், பிரஷர் பட்டி ஒண்டும் வேண்டாம். டயலிசிஸ் ஊசி குத்த நாடியையும் நாளத்தையும் இணைச்சுச் செய்யிற பிஸ்டுலா அந்தக் கையிலதான் வரும். ஆபரேஷன் செய்து 6–8 கிழமைக்குப் பிறகுதான் அதில ஊசி குத்தலாம். மாற்றுக்கு ஆள் இருந்தாலும் பிஸ்டுலாவைப் பிற்போடாதையுங்கோ. பரிசோதனை எல்லாம் முடிய மாதங்கள் போகும், அவ்வளவு நாளும் கழுத்துக் குழாயோட இருந்தால் கிருமி இரத்தத்துக்குள்ள போகும். டயலிசிஸ் ஏறின அரை மணித்தியாலத்தில குளிர் நடுக்கம் வந்தால் குழாயில கிருமி எண்டு நினைச்சு உடனே சொல்லுங்கோ. குழாய் போட்ட இடம் நனையக் குளிக்க வேண்டாம்.

ஹீமோகுளோபின் 6.8 எண்டால் இரத்தம் ஏத்தலாமா எண்ட கதை கட்டாயம் வரும். மூச்சு முட்டல், நெஞ்சு நோ இருந்தால் ஏத்தத்தான் வேணும். மற்றபடி இரும்புச்சத்து ஊசியும் இரத்தம் ஊற வைக்கிற எரித்ரோபொயிட்டின் ஊசியும் போட்டு மெல்ல ஏத்தலாமா எண்டு கேளுங்கோ. ஒவ்வொரு பைக்கும் அந்நிய அணுக்களுக்கு எதிரான அன்டிபொடி (எதிர்ப்புப் பொருள்) உடம்பில உருவாக இடமிருக்கு. பிறகு வீட்டு ஆளின்ர கிட்னியே பொருந்தாமல் போறது இப்படித்தான். ஏத்தத்தான் வேணும் எண்டால் வெள்ளணு வடிச்ச இரத்தம் தரச்சொல்லிக் கேளுங்கோ. ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசியையும் இப்பவே தொடங்குங்கோ. டயலிசிஸ்காரருக்கு இரட்டை அளவு, 0, 1, 2, 6 மாதம்.

சாப்பாட்டில முதல் எதிரி பொட்டாசியம். செவ்விளநீர், வாழைப்பழம், இலைக்கஞ்சி, தக்காளி எல்லாத்தையும் நிப்பாட்டுங்கோ. மரக்கறியைச் சின்னனாக வெட்டி, நிறையத் தண்ணியில அவிச்சு, தண்ணியை ஊத்திப்போட்டுச் சமையுங்கோ. "உடம்புக்கு நல்லது" எண்டு விக்கிற சோடியம் குறைஞ்ச உப்பில பொட்டாசியம்தான் இருக்கு, வாங்கிக் குடுத்திடாதையுங்கோ. காமரங்காயைத் தொடவே கூடாது, கிட்னி பழுதான ஆளுக்கு அது மூளையைத் தாக்கும். குடிக்கிற அளவு: முதல் நாள் போன சலத்தின்ர அளவோட 500 மில்லிலீற்றர் சேர்த்து. தேத்தண்ணி, சொதி, தயிர் எல்லாம் அந்தக் கணக்குக்குள்ளதான்.

பொரளை வாசகர்:

மிஸி சொன்னதற்குப் பிறகு நான் ஆள் விஷயத்துக்கு வருகிறேன். முதலில் மாமாவின் யோசனை. 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்க மனித இழையங்கள் மாற்றுச் சட்டப்படி உறுப்பை விற்பதும் வாங்குவதும் குற்றம். இரத்த உறவில்லாத ஆள் என்றால் தனி அனுமதியும் விசாரணையும் உண்டு. பணத்துக்காக வருகிறவர் தன் நோயை மறைப்பார், ஆபரேஷனுக்குப் பிறகு கிளினிக் பக்கம் வரமாட்டார். அந்தக் கதையை விடுங்கள்.

நீங்கள் ஏ, அண்ணாவுக்குப் பொருந்தாது. பி ஆளுக்கு பியும் ஓவும் கொடுக்கலாம், பொசிட்டிவ், நெகட்டிவ் கணக்கில்லை. அப்படிப் பார்த்தால் மூன்று பேர் இருக்கிறார்கள். என் அபிப்பிராயம், முதலில் அம்மா. தாய் என்றால் எச்.எல்.ஏ. என்ற இழைய வகை பாதி நிச்சயம் பொருந்தும். ஒரு குளிசையில் பிரஷர் அடங்கி, சலத்தில் புரதமும் இல்லையென்றால் 61 வயதை மட்டும் வைத்துத் தள்ளமாட்டார்கள். அண்ணாவுக்கு 38தான். நல்ல கிட்னியும் ஆயுள் முழுக்க உழைக்காமல் போகலாம், இரண்டாவது ஒன்று தேவைப்படும். அப்போது அம்மாவால் முடியாது, தங்கச்சியால் முடியலாம்.

தங்கச்சிக்கு முழுதாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு, பாதி பொருந்த இரண்டு, ஒன்றுமே பொருந்தாமல் போக ஒன்று. கிட்னி கொடுத்த பெண்ணுக்குக் கர்ப்பகாலப் பிரஷர் வருவது ஏறத்தாழ இரண்டு மடங்கு. காரணம் தெரியாத கிட்னி நோய் குடும்பத்தில் ஓடவும் கூடும் என்பதால், கொடுக்காவிட்டாலும் நீங்களும் தங்கச்சியும் சலம், பிரஷர், கிரியாட்டினின் பார்த்துவைப்பது நல்லது. அண்ணியின் எச்.எல்.ஏ. பொருந்தாவிட்டாலும் இன்றைய மருந்துகளோடு முடிவு நன்றாகவே வருகிறது, அவரைக் கணக்கில் எடுக்காமல் விடாதீர்கள்.

மூவரையும் ஒரே நேரத்தில் மலிவான பரிசோதனைகளுக்கு அனுப்புங்கள்: சலம், கிரியாட்டினின், சீனி, பிரஷர், ஸ்கேன், ஹெப்படைட்டிஸ், எச்.ஐ.வி. தேறினவருக்கு எச்.எல்.ஏ.யும் குரொஸ்மெட்சும். கொடுப்பவரின் வெள்ளணுவை அண்ணாவின் சீரத்தோடு சேர்த்துப் பார்ப்பது அது. பொசிட்டிவ் என்றால் சாதாரணமாக அந்த ஆளோடு நின்றுவிடும். இடையில் இரத்தம் ஏற்றினால் திரும்பச் செய்ய வேண்டும், ஆபரேஷனுக்குக் கிட்டவும் ஒரு தடவை செய்வார்கள். கிட்னியின் இரத்தக் குழாய்களைப் படமெடுக்கும், செலவும் சாயமும் கதிரும் உள்ள சி.ரி. அஞ்சியோகிராம் கடைசியில். இடது கிட்னியின் நாளம் நீளம், தைக்க வசதி. அதனால் பெரும்பாலும் அதையே எடுப்பார்கள்.

அதிகம் பிழைப்பது 24 மணித்தியாலச் சலம். காலை 6 மணிக்கு வருவதை வெளியே விட்டுவிட்டு, அதன் பின் ஒவ்வொரு சொட்டும், மறுநாள் காலை 6 மணிக்கு வருவதும் போத்தலுக்குள். ஒரு தடவை தவறினாலும் நல்ல கிட்னி மந்தமாகத் தெரியும். பெண்கள் மாதவிலக்கு நாட்களில் சேர்க்க வேண்டாம்.

பத்திரங்களை இப்போதே எடுங்கள்: பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், அடையாள அட்டை, கிராம சேவகர் கடிதம். நம்மவர்களுக்கு உதைப்பது பெயர்தான். பிறப்புச் சான்றிதழில் தமிழில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வேறு மாதிரி, தகப்பன் பெயர் எங்கே என்று யாருக்கும் தெரியாது. உறவை நிரூபிக்க முடியாமல் கிழமைக்கணக்கில் இழுபடும். சம்மதப் பத்திரம் தமிழில் கேளுங்கள், புரியாத மொழியில் கையெழுத்து வேண்டாம்.

கொடுத்தவருக்கு உயிராபத்து ஏறத்தாழ மூவாயிரத்தில் ஒன்று. துளை வழி ஆபரேஷன் என்றால் சில நாளில் வீடு. பாரம் தூக்க 6 கிழமையாவது பொறுக்க வேண்டும்.

கொட்டாஞ்சேனைத் தம்பி:

நன்றி. தங்கச்சி "ஓம்" என்றுதான் சொல்கிறாள், ஆனால் முகம் சரியில்லை. செலவு பற்றியும் சொல்லுங்கள்.

பொரளை வாசகர்:

வீட்டில் கேட்கப்படும் "ஓம்" கணக்கில் வராது. டொக்டரும் மனநல வைத்தியரும் அவளைத் தனியாகச் சந்திக்கட்டும், நீங்கள் யாரும் அறைக்குள் போகவேண்டாம். அவள் மனம் இல்லையென்று சொன்னால் "மருத்துவ ரீதியில் பொருந்தவில்லை" என்று மட்டும் வீட்டாருக்குச் சொல்லுவார்கள். ஆபரேஷன் மேசைக்குப் போகும்வரை மாறலாம் என்பதையும் அவளுக்குச் சொல்லுங்கள்.

அரச வைத்தியசாலையில் ஆபரேஷன் இலவசம். வெளியே செய்யும் பரிசோதனைகள், தட்டுப்பாடு வந்தால் வாங்கும் மருந்து, இருவரின் வேலையிழப்பு என்று பணம் போகும். ஜனாதிபதி நிதியம் கிட்னி மாற்றுக்கு உதவுகிறது, பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். ஆபரேஷன் திகதிக்கு முன்னமே போங்கள்.

வெள்ளவத்தை பாமசி:

மருந்து பற்றி மட்டும் நான் சொல்றேன். மாத்தின கிட்னியை உடம்பு தள்ளாம இருக்கப் போடுற டக்ரோலிமஸ் 12 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, காலை 8, இரவு 8 மாதிரி. இரத்தத்தில மருந்து லெவல் பார்க்கிற அன்றைக்குக் காலைக் குளிசை போடாம கையில கொண்டு போங்க, இரத்தம் குடுத்த பிறகு போடுங்க. பழக்கத்தில போட்டுட்டுப் போனா லெவல் பொய்யா ஏறித் தெரியும், டோஸைக் குறைப்பாங்க, கிட்னியை உடம்பு தள்ளத் தொடங்கும். கடையில கொம்பனி மாத்திக் குடுத்தா கிளினிக்கில கேட்காம வாங்க வேணாம்.

காய்ச்சல், தடிமனுக்கு வெளி டொக்டர் எழுதுற கிளரித்ரோமைசின், பூஞ்சணத்துக்கான புளூகொனசோல் லெவலை ஏத்தும். காசநோய்க்கான ரிபம்பிசின் இறக்கும். வயிற்றோட்டமும் லெவலை ஏத்திடும், ரெண்டு நாள் நீடிச்சா இரத்தம் பார்க்கணும். பம்பளிமாசு வேணாம். டைக்ளோபெனக், ஐபுபுரோபன் அண்ணாவுக்கும் வேணாம், கிட்னி குடுத்தவருக்கும் வேணாம்.

இன்னொன்று, ஆபரேஷன்ல கிட்னியில இருந்து வாற சலக்குழாய்க்குள்ள ஸ்டென்ட் என்ற சின்னக் குழாய் ஒன்று வைப்பாங்க. பொதுவா 4–6 கிழமையில எடுக்கணும். அட்டையில திகதி எழுதி வாங்குங்க, மறந்துபோனா அதில கல் படியும்.