உற்பத்தி முறைகள் பாடம்: முதலில் பட்டறையா, கரும்பலகையா?

களுவாஞ்சிக்குடி லேத்:
பொறியியல் படிக்கிற பிள்ளைகள் விடுமுறையில் எங்கள் பட்டறைக்கு வருவார்கள். எந்தச் சூட்டில், எவ்வளவு காபனில் உருக்கு எப்படி மாறும் என்று காட்டும் இரும்பு-காபன் படத்தைப் பார்க்காமலே கீறுவார்கள். போன மாதம் அரிசி ஆலை ஷாஃப்ட் ஒன்று, வெல்ட் அடித்த இடத்துக்குப் பக்கத்திலேயே உடைந்து வந்தது. ஏன் என்று ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. இந்தப் பாடத்தைப் பட்டறையில்தான் தொடங்க வேண்டும். தியரி பிறகு வரட்டும்.

மட்டு விரிவுரையாளர்:
அண்ணன், அந்த ஷாஃப்ட்டே எனக்குச் சாட்சி. ஷாஃப்ட்டுக்கு வழக்கமாக எடுப்பது 0.4% அளவு காபன் உள்ள உருக்கு. முன்கூட்டிச் சூடாக்காமல் அடித்தால், தடித்த உருக்கு வெப்பத்தைச் சட்டென்று இழுத்துவிடும். ஒட்டின் ஓரம் மார்ட்டென்சைட் என்ற கடினமான, எளிதில் உடையும் அமைப்பாகி இறுகிவிடும், வெடிப்பு அங்கேதான் தொடங்கும். வெல்டிங் றொட் ஈரமென்றால் ஐதரசனும் உள்ளே போய் வெடிப்பைக் கூட்டும். இதெல்லாம் பட்டறையில் நின்று பார்த்தால் கண்ணில் படாது.

களுவாஞ்சிக்குடி லேத்:
சேர், எங்கள் பழைய பாஸ் சூடாக்கித்தான் அடிப்பார். அடித்ததைச் சாம்பலுக்குள் புதைத்து ஆறவிடுவார். மார்ட்டென்சைட் என்ற பெயரே அவருக்குத் தெரியாது. அவர் ஒட்டியது உடைந்து நான் பார்த்ததில்லை.

மட்டு விரிவுரையாளர்:
அவர் கைக்கு மரியாதை. ஆனால் அதே கை 304 ரக ஸ்டெயின்லெஸ் உருக்கையும் சாம்பலுக்குள் புதைத்தால்? 450 முதல் 850 பாகை செல்சியஸ் வரை மெதுவாக ஆறும்போது, துருவைத் தடுக்கும் குரோமியம் காபனோடு சேர்ந்து, உருக்கின் உள்ளே உள்ள பளிங்கு மணிகளின் எல்லையில் போய் உட்கார்ந்துவிடும்; பக்கத்தில் குரோமியம் குறைந்துவிடும். நம் கரையோர உப்புக்காற்றில் ஒட்டின் ஓரம் அரிக்கத் தொடங்கும். ஓர் உருக்குக்கு மருந்து, மற்றதற்கு நஞ்சு. பொருளைப் படிக்காமல் முறையை மட்டும் பழகினால் இதில்தான் போய் விழுவோம்.

மூன்றாம் வருடம்:
சேர், நான் அண்ணன் பக்கம். அலுமினியம் உறையும்போது கனவளவில் ஏறத்தாழ 6% சுருங்கும் என்று பரீட்சையில் எழுதிப் புள்ளியும் எடுத்தேன். அப்புறம் நானே ஊற்றிய கப்பியின் நடுவில் குழி விழுந்தது. ரைசர், அதாவது அச்சில் கூடுதலாக உருகிய உலோகம் வைத்திருக்கும் இடம், எதற்கு என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

மட்டு விரிவுரையாளர்:
தம்பி, அந்த 6% தெரியாமல் இருந்திருந்தால், மணல் சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போயிருப்பீர்கள். அண்ணன், உடைந்த துண்டு இருந்தால் தாருங்கள். வெட்டி மினுக்கி நுணுக்குக்காட்டியில் காட்டுகிறேன். நான்காம் வாரம், வெப்பப் பதப்படுத்தல் வரும்போது.

களுவாஞ்சிக்குடி லேத்:
துண்டு இருக்கிறது. முதல் வகுப்பில், பிள்ளைகள் கையில் கொடுப்பதென்றால் தருகிறேன். உடைந்த முகத்தை ஒரு மணித்தியாலம் பார்த்துத் தாங்களாகக் கேள்வி கேட்கட்டும். நான்காம் வாரத்துக்கென்றால் தரமாட்டேன், சேர்.