பச்சை டை போட்டு லைட் அடிச்சா கேன்சர் கட்டி எரிஞ்சிடுமா?

பட்டர்வொர்த்காரன்:
வணக்கம் எல்லாருக்கும். பெரியம்மாவுக்கு மார்புல கட்டி, ஆரம்ப ஸ்டேஜ்தான், ஆப்பரேஷனுக்கு தேதி குடுத்தாச்சு. சர்ஜன் பச்சை டை ஊசி போட்டு கேமரால பாப்போம்னு சொன்னாரு, அன்னிக்கு ராத்திரியே மாமா வாட்ஸாப் குரூப்ல ஒரு வீடியோ போடுறாரு, எலி மேல லேசர் அடிச்சா நானோ டை சூடாகி கட்டி கருகிப் போவுது, கத்தியே வேணாம்னு. இப்ப பெரியம்மா "அதே டைதானே, லைட்ட கூட்டி எரிச்சிடச் சொல்லு"ன்னு ஆப்பரேஷன தள்ளிப்போடப் பாக்குறாங்க. தெரிஞ்சவங்க சொல்லுங்க லா.

லேப்கோட்டு, கே.எல்.:
நியாயமான கேள்விதான் தம்பி. ரெண்டும் பெரும்பாலும் ஒரே டைதான், இண்டோசயனின் கிரீன், 1959லயே அமெரிக்காவுல அனுமதி வாங்குன பழைய சரக்கு. 800 நானோமீட்டர் பக்கம், கண்ணுக்குத் தெரியாத ஒளிய நல்லா இழுக்கும், கொஞ்சத்த ஒளியாவே திருப்பி விடும், மிச்சம் சூடாயிடும். சர்ஜனுக்கு அந்த கொஞ்சூண்டு ஒளி போதும். எரிக்கிறவங்களுக்கு சூடுதான் வேணும், 50 டிகிரி தாண்டுனா செல்லுல உள்ள புரோட்டீன்லாம் வெந்த முட்ட மாதிரி கெட்டியாயிடும்.

சிக்கல் எங்கன்னா டைய கட்டிக்குள்ள நிறுத்துறதுல. ரத்தத்துல சும்மா போட்டா மூணு நாலு நிமிஷத்துல பாதிய லிவர் வடிச்சு பித்தத்துல தள்ளிடும், அதான் கொழுப்பு உருண்டை, ஆல்புமின், பாலிமர்னு நானோ சைஸ்ல பொட்டலம் கட்டி அனுப்புறாங்க, கட்டியோட ரத்தக்குழாய் கசியுமே அது வழியா உள்ள போயி தங்கிடும்னு கணக்கு. கணக்குதான். 2016ல பழைய ஆய்வுங்கள கூட்டிப் பாத்தாங்க, ஊசில போட்ட நானோ துகள்ல கட்டிக்குப் போய் சேர்ந்தது நடுவாந்திரமா 0.7 சதவீதம்.

அதோட எலிக்கு தோலுக்கு அடியிலேயே கட்டிய வளப்பாங்க, லேசர் நேரா படும், வீடியோவும் அழகா வரும். மனுஷ உடம்புல ஒண்ணு ரெண்டு சென்டிமீட்டர்லயே ஒளி சோந்து போயிடும்.

தியேட்டர்சிஸ்டர்:
உங்க சர்ஜன் சொன்னது சென்டினல் நோடு தேடுறதுக்கு, அதாவது மார்புலேர்ந்து நிணநீர் முதல்ல போய் சேர்ற முடிச்சு. காம்புக்குப் பக்கத்துல ஊசி போடுவாங்க, ஸ்க்ரீன்ல வெளிச்சமா ஒரு கோடு அக்குள் பக்கம் மெதுவா ஊர்ந்து போவும், அது முதல்ல போய் நிக்கிற நோட எடுத்து கேன்சர் பரவிருக்கான்னு பாப்பாங்க. அது கிளீனா இருந்தா பொதுவா அக்குள் முழுக்க சுரண்ட வேண்டியதில்ல, பின்னாடி கை வீங்குற தொல்லையும் குறையும். அந்த லைட்டுல கட்டிலாம் வேகாது. டைல அயோடின் இருக்கு, அலர்ஜி இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க.

லேப்கோட்டு, கே.எல்.:
மனுஷங்களுக்கு பண்ணவே இல்லன்னு இல்ல. அமெரிக்காவுல 16 பேருக்கு புரோஸ்டேட்ல பண்ணி 2019ல ரிசல்ட் வந்துச்சு, ஆனா அது டை இல்ல, தங்கம் பூசுன சிலிக்கா துகள், லேசர் ஃபைபரயும் உள்ளயே குத்தி எறக்குனாங்க. ஜப்பான் 2020ல அனுமதிச்சது ஆன்டிபாடில, அதாவது கேன்சர் செல்ல தேடி ஒட்டிக்கிற புரோட்டீன்ல, டை ஒட்டுன வேற ரகம், வெட்ட முடியாத தலை கழுத்து கேன்சருக்கு, அதுவும் சூட்ட நம்பி இல்ல. பெரியம்மாவுக்கு வெட்டி எடுக்கக்கூடிய கட்டி, இதுக்காக தேதிய தள்ளாதீங்க.

பட்டர்வொர்த்காரன்:
நன்றி அண்ணே, சிஸ்டர். எலி விஷயத்த படிச்சுக் காட்டுனேன், சரின்னுட்டாங்க. இப்ப கேக்குறது வேற, தோல்ல பச்சை நிக்குமான்னு.

தியேட்டர்சிஸ்டர்:
ஊசி போட்ட எடத்துல கொஞ்ச நாள் லேசா தெரியலாம். மறைஞ்சிடும்.