மறு: மிஸ்கன்செப்ஷனுக்குத் தமிழ்: ‘தவறான கருத்து’ வேண்டாம், ‘முன்கோள்’ சரிவருமா?

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

கல்லூரி அறிவியல் கற்பித்தல் ஆய்வுகளுக்காக நாம் தொகுக்கும் சொற்பட்டியலில், மிஸ்கன்செப்ஷன் (பாடத்தோடு பொருந்தாமல் மாணவர் மனத்தில் ஊன்றியிருக்கும் எண்ணம்) என்பதற்கு நேராக மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: தவறான கருத்து, பிழைக்கருத்து, மாற்றுக்கருத்து. மூன்றிலும் எனக்கு உடன்பாடு இல்லை. காரணத்தைச் சொல்ல, வகுப்பறையில் நடந்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

முதலாண்டு இயற்பியல் வகுப்பு. ஒரு ரூபாய் நாணயத்தை மேலே சுண்டிப் பிடித்துக் காட்டினேன். “மேலே போய்க்கொண்டிருக்கும்போது நாணயத்தின் மேல் என்னென்ன விசைகள்? காற்றை விட்டுவிடுங்கள். அம்புக்குறி போட்டுக் காட்டுங்கள்” என்றேன். ஒரு மாணவியின் நோட்டை எட்டிப் பார்த்தேன். மூன்று உயரங்களில் மூன்று நாணயங்கள் வரைந்திருந்தார். ஒவ்வொன்றிலும் கீழ்நோக்கி ஒரே அளவு அம்பு. மேல்நோக்கியும் ஓர் அம்பு. அது மட்டும் உயரம் ஏற ஏறக் குட்டையாகிக்கொண்டே போயிற்று. அளவுகோல் வைத்து, அளந்து வரைந்திருந்தார். மேலே போகும் அம்பு எது என்று கேட்டேன். “கை கொடுத்த விசை சார். கொஞ்சம் கொஞ்சமாத் தீர்ந்துகிட்டே போகும். உச்சியில ரெண்டும் சமம். அப்புறம் புவியீர்ப்பு ஜெயிச்சிடும்.”

நியூட்டனின் மூன்று விதிகளையும் ஒரு சொல் பிசகாமல் எழுதி, முந்தைய வாரத் தேர்வில் முழு மதிப்பெண் வாங்கியவர் அவர். பாடம் தெரியாதவர் என்று சொல்ல வழியே இல்லை. அவரிடம் ஒரு விளக்கம் இருந்தது. நாணயம் ஏன் மெதுவாகிறது, ஏன் ஒரு நொடி நிற்கிறது, ஏன் திரும்புகிறது என்ற மூன்று கேள்விக்கும் அதில் பதில் இருந்தது. கையை விட்டு வந்த பிறகு கையின் விசை நாணயத்தில் இருக்க முடியாது. உச்சியிலும் புவியீர்ப்பு அப்படியே இருக்கிறது, அதைச் சமன்செய்ய எதுவும் இல்லை. இந்த இடங்களில்தான் அவர் விளக்கம் உடைகிறது.

இது எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் குறை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் கிளெமென்ட் பொறியியல் மாணவர்களிடம் இதே நாணயக் கேள்வியைக் கேட்டு, 1982இல் கட்டுரை எழுதினார். அங்கேயும் மேல்நோக்கி அதே அம்பு. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஹலூனும் ஹெஸ்டினஸும் 1985இல் இத்தகைய எண்ணங்களைக் கண்டறிய ஒரு தேர்வை உருவாக்கினார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் 1992இல் ஹெஸ்டினஸும் வேறு இருவரும் சேர்ந்து வெளியிட்ட விசைக் கருத்துத் தேர்வு. கணக்கு எதுவும் போட வேண்டாம், எல்லாம் பேச்சு நடைக் கேள்விகள். விடைத் தெரிவுகளில் பிழையானவை எல்லாம் மாணவர்கள் உண்மையிலேயே நினைப்பவற்றிலிருந்து எடுத்தவை.

ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர் தம் மாணவர்களுக்கு இந்த வகைக் கேள்விகளைக் கொடுத்தபோது ஒரு மாணவி எழுந்து, நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி விடை எழுதவா, நான் நினைக்கிறபடி எழுதவா என்று கேட்டாராம். மஸூர் இதைப் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். நம் சொல் அந்தக் கேள்விக்கு ஈடுகொடுக்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. அந்த மாணவிக்குள் இரண்டு இருந்தன: ஆசிரியர் சொன்னது ஒன்று, தான் கொண்டிருந்தது ஒன்று. ‘தவறான கருத்து’ என்று பெயர் வைத்துவிட்டால், சிவப்பு மையால் அடித்துவிட்டுச் சரியானதை எழுதிப்போட்டால் தீர்ந்தது என்ற நினைப்பு ஆசிரியருக்கு வருகிறது. அடித்து எழுதித் தீரவில்லை என்பதுதானே இந்த ஆய்வுகள் முழுக்கச் சொல்வது?

அமெரிக்க இயற்பியலாளர் ரிச்சர்ட் ஹேக் 1998இல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். 62 பாடவகுப்புகள், 6,542 மாணவர்கள். பாடம் தொடங்குமுன் இந்த வகைத் தேர்வு ஒன்று, முடிந்தபின் மறுபடி ஒன்று. தொடக்கத்தில் 100க்கு 40 எடுத்த வகுப்பு முடிவில் 54 எடுத்தால், இன்னும் பெற இருந்த 60இல் 14ஐப் பெற்றிருக்கிறது, ஏறத்தாழ 0.23. பெரும்பாலும் விரிவுரையாகவே நடந்த 14 வகுப்புகளின் சராசரி இந்த 0.23தான். மாணவர்கள் தங்களுக்குள் பேசி, யோசித்து, உடனுக்குடன் மறுமொழி பெற்ற 48 வகுப்புகளில் சராசரி 0.48.

‘மாற்றுக்கருத்து’ ஆங்கிலத்தில் வழங்கும் இன்னொரு பெயரைத் தழுவியது. டிரைவர், ஈஸ்லி என்ற ஆய்வாளர்கள் 1978இலேயே ‘பிழை’ என்ற அடைமொழியைத் தவிர்த்து ‘மாற்று’ என்று எழுதத் தொடங்கிவிட்டார்கள். நோக்கம் நல்லது. ஆனால் தமிழில் மாற்றுக்கருத்து என்றால் கூட்டத்தில் எழுந்து மறுத்துப் பேசுவது. “உங்கள் மாணவர்களிடம் மாற்றுக்கருத்து இருக்கிறதா?” என்று கேட்டால் கல்லூரி முதல்வர் கவலைப்படுவார்.

என் பரிந்துரை: முன்கோள். கருதுகோள், மேற்கோள், குறிக்கோள் ஆகியவற்றோடு ஒரே வரிசையில் உட்காரும். கோள் என்றால் கொள்ளுதல், கொண்டது. பாடத்துக்கு முன்பே கொண்டது முன்கோள். கிளெமென்ட் தம் கட்டுரைத் தலைப்பில் எடுத்தாண்ட ‘பிரிகன்செப்ஷன்’ என்ற சொல்லும் ‘முன்’ என்று பொருள்படும் முன்னொட்டோடுதான் தொடங்குகிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது இன்னொன்று. கோட்பாடு என்ற சொல்லும் இதே கோள் என்பதிலிருந்து வந்ததுதான். மாணவர் வைத்திருப்பதும் கொண்டது, நியூட்டன் வைத்திருந்ததும் கொண்டது. எது சோதனையில் நிற்கிறது என்பதுதான் வேறுபாடு.

உங்கள் கருத்தை எழுதுங்கள்.

– – –

மறுமொழிகளுக்கு நன்றி. ஒவ்வொன்றாக வருகிறேன்.

> கோள் என்றால் மாணவனுக்கு வியாழனும் சனியும்தான் நினைவுக்கு வரும். கோள்மூட்டுதல் வேறு இருக்கிறது.

ஐயா, தனியாக நிற்கும்போது அப்படித்தான். கருதுகோள் என்று படிக்கிற பிள்ளை யாரும் கிரகத்தை நினைப்பதில்லை. கூட்டுச்சொல்லுக்குள் போய்விட்டால் பழைய பொருள் தானே வந்துவிடுகிறது. அறிவைக் கொள்ளுதல் என்ற ஆட்சி நமக்குப் புதிதும் இல்லை. மணிமேகலையின் 27ஆம் காதையில் அளவைகளின், அதாவது அறியும் வழிகளின், குறைகள் எட்டில் ஒன்றாகத் ‘திரியக் கோடல்’ வருகிறது; கோடல் என்றால் கொள்ளுதல். இப்பியை வெள்ளி என்று கொள்வது அதற்கு எடுத்துக்காட்டு. அதையே கலைச்சொல்லாக்கலாமே என்று ஒருவர் தனிமடலில் கேட்டார். அழகான சொல்தான். ஆனால் சிப்பியை வெள்ளியாகக் கண்டவர் கையில் எடுத்துப் பார்த்ததும் தெளிந்துவிடுவார். நாணயத்தை நூறு முறை சுண்டிப் பார்த்தாலும் அந்த மேல் அம்பு போகாது.

> முன் + கோள் = முற்கோள் அல்லவா? முற்காலம், முற்பகல் போல.

புணர்ச்சிப்படி முற்கோள் சரி. ஆனால் முன்கோபம், முன்கை என்றும் வழங்குகிறோம். புதுச்சொல்லில் ‘முன்’ கண்ணுக்குத் தெரிவது படிப்பவருக்கு உதவும். அதனால் முன்கோள் என்றே இருக்கட்டும். முற்கோள் என்று எழுதினால் திருத்த வேண்டாம்.

> இலங்கையில் நாங்கள் எண்ணக்கரு என்றுதான் படித்தோம். முன்னெண்ணக்கரு என்றால் எங்கள் ஆசிரியர்களுக்கு உடனே விளங்கும்.

இதை நெடுநேரம் யோசித்தேன். எண்ணக்கரு அருமையான சொல். நாங்கள் கருத்து, கருத்துரு, கோட்பாடு என்று மூன்றையும் போட்டுக் குழப்பிக்கொண்ட இடத்தில் நீங்கள் ஒன்றை உறுதியாகப் பிடித்துக்கொண்டீர்கள். நமக்குள் ஏற்கெனவே இடறுகிற இடங்கள் பல: நீங்கள் திணிவு என்பதை நாங்கள் நிறை என்கிறோம், நீங்கள் நிறை என்பதை நாங்கள் எடை என்கிறோம். ஆகவே புதிதாக வைப்பதிலாவது ஒன்றாக இருக்க விரும்புகிறேன். என் தயக்கம் நீளத்தில்தான். ‘முன்னெண்ணக்கரு மாற்றம்’, ‘முன்னெண்ணக்கருவைக் கண்டறிதல்’ என்று ஆசிரியர் வாயில் ஒரு நாளைக்குப் பத்து முறை புழங்க வேண்டுமே. பட்டியலில் இரண்டையும் தருவோம், முன்கோள் முதலில்.

> பிழை என்பதைச் சொல்லில் காட்டாவிட்டால், மாணவர் சொல்வதெல்லாம் சரி என்று ஆகிவிடாதா ஐயா?

இதுதான் கனமான கேள்வி. ஆகாது. முன்கோளில் சரியானதும் உண்டு, பிழையானதும் உண்டு, ஓரிடத்தில் பொருந்தி ஓரிடத்தில் பொருந்தாததும் உண்டு. மூன்றாவதுதான் அதிகம். தள்ளுவண்டியைத் தள்ளுவதை நிறுத்தினால் வண்டி நிற்கிறது. ஆட்டுக்கல்லில் சுற்றுவதை நிறுத்தினால் குழவி நிற்கிறது. உராய்வு உள்ள உலகத்தில் ‘விசை தீர்ந்தால் அசைவு தீரும்’ என்பது அன்றாடம் உதவுகிற அறிவு. 1993இல் ஸ்மித், டிசெஸ்ஸா, ரோஷெல் மூவரும் எழுதிய கட்டுரையின் வாதமும் இதுதான்: இவற்றைப் பிடுங்கி எறிய முடியாது, புது அறிவும் இவற்றிலிருந்துதான் வளர வேண்டும். பிழை என்று சொல்லியே ஆக வேண்டிய இடத்தில் ‘பிழையான முன்கோள்’ என்று எழுதலாம், யாரும் தடுக்கவில்லை.

நாணயக் கதையின் மீதியையும் சொல்லிவிடுகிறேன். மஸூரின் வழியில், முதலில் அவரவர் விடைக்குக் கை தூக்கச் சொன்னேன். பிறகு, வேறு விடை சொன்ன ஒருவரைத் தேடிப் பிடித்துச் சம்மதிக்க வையுங்கள் என்றேன். வகுப்பு சந்தைக்கடை ஆயிற்று. பின் பெஞ்சிலிருந்து வந்தவன் அந்த மாணவியின் நோட்டைப் பார்த்துவிட்டு, “கை விட்டப்புறம் கை எப்படித் தள்ளும்?” என்று கேட்டான். அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் நாணயத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அப்ப எதுதான் அதை மேல கொண்டுபோகுது?” என்று திருப்பிக் கேட்டார். அதற்காகத்தான் காத்திருந்தேன். போய்க்கொண்டிருப்பது போய்க்கொண்டிருக்க எதுவும் தள்ள வேண்டியதில்லை என்ற முதல் விதியை அப்போதுதான் கரும்பலகையில் எழுதினேன். அவருக்கு மனப்பாடமான விதி. அன்று அதை முதல் தடவை படிப்பதுபோல் படித்தார். மேல்நோக்கிய அந்த மூன்று அம்புகளை அவரே அழித்தார், அடுத்த வகுப்பில்.

சொற்பட்டியலுக்கான பதிவு இது:

முன்கோள் (முன்னெண்ணக்கரு): ஒரு பாடப்பொருளைப் பற்றி மாணவர் பாடத்துக்கு முன்பே அனுபவத்தால் கொண்டிருக்கும் விளக்கம். பன்மை: முன்கோள்கள். எ-டு: “விசையைப் பற்றிய முன்கோள்களைக் கேட்டறிந்த பின் பாடத்தைத் தொடங்கினார்.”

ஆட்சேபம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். அடுத்து ஹேக்கின் அந்த 0.23, 0.48க்கு ஒரு பெயர் வேண்டும். ‘ஈட்டப் பங்கு’ என்று ஒன்று தோன்றுகிறது. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.

அன்புடன்.